லினக்ஸில் பின்னணியில் ஓடும் கோப்பு இன்டெக்ஸிங்கை நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் லினக்ஸ் பாவிக்கிறவர்களில் பலரிடம் இருப்பது பழைய மெஷின்தான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய லப்டொப், அலுவலகம் ஒன்று கழித்துக் கொடுத்த டெஸ்க்டொப், 4 ஜிபி ராம், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்படிப்பட்ட மெஷினில் பின்னணியில் ஓடுகிற ஒவ்வொரு வேலையும் உடனே தெரியும். கோப்பு இன்டெக்ஸிங் பற்றித்தான் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எல்லாப் பக்கமும் இருந்து கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். நீங்கள் பாவிக்காத ஒரு தேடலுக்காக உங்கள் டிஸ்க் உழைக்கத் தேவையில்லை. அதேநேரம், எது ஓடுகிறது என்று பார்க்காமல் கண்டதையும் நிறுத்தவும் வேண்டாம்.

அண்ணை, நான் ஒன்றுமே திறக்கவில்லை, ஆனாலும் ஹார்ட் டிஸ்க் லைட் விடாமல் மின்னுது, ஃபேனும் இரையுது. ஏன்?

இன்டெக்ஸிங் ஆக இருக்கலாம். உங்கள் போல்டர்களில் இருக்கிற கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர், திகதி, அளவு, உள்ளே இருக்கிற சொற்கள், பாட்டு என்றால் பாடியவர் பெயர், போட்டோ என்றால் எடுத்த நேரம் எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைக்கிற வேலை அது. நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதி வைப்பது போலத்தான், பிறகு தேடும்போது அலுமாரி அலுமாரியாகப் போகத் தேவையில்லை. கெட்ட வேலை இல்லை. தேடுகிறவருக்கு நல்ல வேலை.

ஆனால் முதல் தடவை எல்லாக் கோப்பையும் வாசித்தே ஆக வேண்டும். நீங்கள் பழைய மெஷினிலிருந்து ஒரு பெரிய போட்டோ போல்டரைக் கொப்பி பண்ணினால் அவ்வளவையும் திரும்ப வாசிக்கும். இந்த புரோகிராம்கள் தங்களைக் கடைசி முன்னுரிமையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன, அது சிபியு விஷயத்தில் ஓரளவு உதவும், சுழலும் டிஸ்க்கில் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் டிஸ்க்கின் தலை ஒரே நேரத்தில் உங்களுக்காகவும் இன்டெக்ஸருக்காகவும் இங்கும் அங்கும் ஓட வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டி போட்ட மெஷினில் இதே வேலை நடப்பதே தெரியாது.

இன்னொன்று. பற்றரியில் ஓடும்போது இவை பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எங்கள் பழைய லப்டொப்களில் பற்றரி செத்து, எந்நேரமும் சார்ஜரில்தான் கிடக்கும். அதனால் அந்த ஓய்வும் கிடைப்பதில்லை.

என்னுடைய மெஷினில் எது ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மெஷின் மெதுவானவுடன் சிஸ்டம் மொனிட்டரைத் திறந்து சிபியு வரிசையை அழுத்தி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். திரையில் இருக்கிற டெஸ்க்டொப் சூழல் க்னோம் என்றால் (உபுண்டுவில் வருவது இதுதான்) ‘ட்ராக்கர் மைனர் எஃப்எஸ் 3’, ‘ட்ராக்கர் எக்ஸ்ட்ராக்ட் 3’ என்ற பெயர்கள் வரும். 2024 செப்டெம்பரில் வந்த க்னோம் 47 இலிருந்து அதே புரோகிராமின் பெயர் ‘லோக்கல்சேர்ச்’ என்று மாறிவிட்டது, அதனால் பழைய குறிப்புகளைப் பார்த்துக்கொண்டு ட்ராக்கரைத் தேடினால் கிடைக்காது. கேடிஈ பிளாஸ்மா என்ற மற்ற டெஸ்க்டொப் சூழல் என்றால் ‘பலூ ஃபைல்’, ‘பலூ ஃபைல் எக்ஸ்ட்ராக்டர்’ என்று இருக்கும். ‘அப்டேட்டிபி’ என்று ஒன்றைக் கண்டால் அது வேறு வகை, கீழே சொல்கிறேன். அது நிர்வாகி கணக்கான ரூட் பெயரில் ஓடுவதால், எல்லாருடைய புரோகிராமையும் காட்டு என்கிற தெரிவைப் போட்டால்தான் கண்ணில் படும்.

சிபியு குறைவாக இருந்தும் டிஸ்க் மட்டும் அரைபட்டால் ‘ஐஓடொப்’ (iotop) என்ற சிறிய கருவியைப் போடுங்கள். டெர்மினலில் சுடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்ட வேண்டும். எந்த புரோகிராம் எவ்வளவு வாசிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்று நேரடியாகக் காட்டும். ‘ஃபேட்ரேஸ்’ (fatrace) என்ற இன்னொன்று எந்தக் கோப்பைத் தொடுகிறது என்றுகூடச் சொல்லும். ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எனக்கு லினக்ஸ் மின்ட். எனக்கும் இது இருக்கா?

சினமன், எக்ஸ்எஃப்சிஈ, மாட்டே எந்தப் பதிப்பு என்றாலும் ட்ராக்கரோ பலூவோ வழக்கமாக உடன் வருவதில்லை. லுபுண்டு, சுபுண்டுவும் அப்படித்தான். க்னோமுக்கான ஏதாவது ஒரு அப் போட்டபோது கூடவே வந்திருக்கலாம், அதனால் சிஸ்டம் மொனிட்டரில் ஒருக்கால் பாருங்கள். இல்லையென்றால் மெதுவாவதற்குக் காரணம் வேறு, கீழே அந்தக் கேள்விக்குப் போங்கள்.

உபுண்டுவில், அதாவது க்னோமில், எப்படி நிறுத்துவது?

முதலில் மென்மையான வழி. செட்டிங்ஸ் திறந்து, சேர்ச் என்ற பகுதிக்குப் போய், அங்கே ‘சேர்ச் லொகேஷன்ஸ்’ என்பதை அழுத்துங்கள். ஹோம், டொக்யுமென்ட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் என்று வரிசையாக இருக்கும். வேண்டாததை அணைத்துவிடலாம். கல்யாண வீடியோவும் போட்டோவும் நிறைந்த ஸ்டூடியோ மெஷின் என்றால் பிக்சர்ஸையும் வீடியோஸையும் அணைத்தாலே பெரும்பகுதி பாரம் இறங்கிவிடும். டொக்யுமென்ட்ஸை மட்டும் விட்டு வைப்பதை நான் பலருக்குச் சொல்வேன், ஏனென்றால் அது சிறியது.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதே சேர்ச் பகுதியில் எந்தெந்த அப்பின் விடைகள் தேடலில் வர வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஃபைல்ஸ் என்பதை அணைத்துவிட்டு இன்டெக்ஸிங் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். நிற்காது. விடையைக் காட்டுவதுதான் நிற்கும், பின்னால் வேலை அப்படியே நடக்கும்.

ஒரு குறிப்பிட்ட போல்டரை மட்டும் விலக்க வேண்டுமா? அந்த போல்டருக்குள் ‘ட்ராக்கர்இக்னோர்’ என்ற பெயரில், ஆங்கில எழுத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து (.trackerignore), ஒரு வெறும் கோப்பை உருவாக்கி விடுங்கள். ஃபோனில் கேலரிக்கு மறைக்க வைக்கிற ‘நோமீடியா’ கோப்பும் இங்கே அதே வேலையைச் செய்யும். இதைவிடச் சுலபமான வழி இல்லை.

முழுதாகவே வேண்டாம் என்றால் டெர்மினல். ‘சிஸ்டம்சிடிஎல்’ கொமாண்டை, இரண்டு சிறுகோடு போட்ட ‘யூசர்’ என்ற சொல்லுடன், ‘மாஸ்க்’ என்று கொடுத்து (systemctl --user mask), அதன்பின் சேர்விஸின் பெயரைப் போட வேண்டும். பழைய க்னோமில் ட்ராக்கர் மைனர் எஃப்எஸ் 3 (tracker-miner-fs-3), புதியதில் லோக்கல்சேர்ச் 3 (localsearch-3). பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதி தானாக வரும், எழுத்துப் பிழை விடத் தேவையில்லை. சுடோ வேண்டாம், இது உங்கள் கணக்குக்குள் ஓடுகிற சேர்விஸ். ‘டிசேபிள்’ என்று கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் ஃபைல் மனேஜரைத் திறந்தவுடன் அது இன்டெக்ஸரைக் கூப்பிடும், கூப்பிட்டவுடன் எழும்பி வந்துவிடும். மாஸ்க் போட்டால் கூப்பிட்டாலும் எழும்பாது. அப்புறம் லொக்அவுட் ஆகித் திரும்ப வாருங்கள்.

கேடிஈயில்?

கேடிஈயில் சுலபம். சிஸ்டம் செட்டிங்ஸ், சேர்ச், ஃபைல் சேர்ச். அங்கே ஒரு டிக்கை எடுத்தால் முடிந்தது. பலூ 2014 இல் கேடிஈ 4.13 உடன், அதற்கு முன் கேடிஈயில் இருந்த நெப்போமுக் என்ற தேடல் அமைப்பின் இடத்துக்கு வந்தது, நெப்போமுக் காலத்தில் பட்ட பாட்டைப் பார்த்தால் இது எவ்வளவோ நல்லது.

ஆனால் டிக்கை எடுப்பதற்கு முன் அதே பக்கத்தில் இருக்கிற இன்னொரு தெரிவைப் பாருங்கள்: கோப்பின் உள்ளடக்கத்தையும் இன்டெக்ஸ் செய்வதா, பெயரை மட்டுமா என்று. பெயரை மட்டும் என்று வைத்தால் பாரம் பெரும்பாலும் போய்விடும், பெயரை வைத்துத் தேடுகிற வசதியும் மிஞ்சும். என்னைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பழைய மெஷின்களுக்கு இதுதான் சரியான அமைப்பு. ஏன் என்று கீழே தமிழ்க் கடிதங்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டெர்மினலில் செய்ய விரும்பினால் கொமாண்டின் பெயர் ‘பலூசிடிஎல்’ (balooctl), பிளாஸ்மா 6 இல் அதன் கடைசியில் 6 சேரும். ‘ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் எத்தனை கோப்பு முடிந்தது என்று சொல்லும், ‘மொனிட்டர்’ கொடுத்தால் இப்போது எந்தக் கோப்பில் நிற்கிறது என்று ஓடும்போதே காட்டும், ‘சஸ்பெண்ட்’ தற்காலிகமாக நிறுத்தும், ‘டிசேபிள்’ நிரந்தரமாக நிறுத்தும், ‘பேர்ஜ்’ சேர்த்து வைத்ததை அழிக்கும்.

அப்டேட்டிபி என்றால் என்ன? அதையும் நிறுத்தவா?

‘லொகேட்’ என்ற கொமாண்டுக்காக டிஸ்க் முழுவதிலும் இருக்கிற கோப்புப் பெயர்களை மட்டும் எழுதி வைப்பது. நாளுக்கு ஒருமுறை ஓடும். இரவில் கணினி அணைந்து கிடந்து அந்த முறை தவறினால், அடுத்த தடவை போட்ட பிறகு ஓடும், அதனால்தான் சிலருக்குக் காலையில் மட்டும் மெஷின் இழுக்கிறது.

நான் இதை விட்டுவைக்கச் சொல்வேன். உள்ளடக்கத்தை இது தொடுவதில்லை, இப்போது வருகிற ‘பிலொகேட்’ என்ற புதிய லொகேட் முதல் தடவைக்குப் பிறகு சீக்கிரம் முடித்துவிடும். எந்நேரமும் செருகியே கிடக்கிற பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் மட்டும், ‘ஈடிசி’ போல்டரில் இருக்கிற ‘அப்டேட்டிபி’ கொன்ஃப் கோப்பைத் (updatedb.conf) திறந்து, விலக்க வேண்டிய இடங்களைச் சொல்கிற ‘புரூன்பாத்ஸ்’ (PRUNEPATHS) என்ற வரியில் அந்த டிஸ்க்கின் இடம் ஏற்கெனவே இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். லொகேட் கொமாண்டை வாழ்நாளில் அடித்ததே இல்லை, வேண்டவே வேண்டாம் என்றால் அதன் டைமரை சிஸ்டம்சிடிஎல் மூலம் டிசேபிள் செய்யலாம், இதற்கு சுடோ வேண்டும்.

நிறுத்தினால் எதை இழப்பேன்?

கோப்பின் உள்ளே இருக்கிற சொல்லை வைத்து உடனே தேடுவது போகும். க்னோமின் மியூசிக் அப் போன்றவை பாட்டுகளைக் காட்டாமல் போகலாம், ஏனென்றால் அவை இன்டெக்ஸிலிருந்துதான் பட்டியலை எடுக்கின்றன. விஎல்சியில் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. பெயரை வைத்துத் தேடுவது தொடர்ந்தும் நடக்கும், கொஞ்சம் மெதுவாக, அந்த நேரத்தில் போல்டர்களைப் பார்த்துத் தேடும். வேறு எதுவும் உடையாது.

எங்களிடம் தமிழ்க் கடிதங்கள் நிறைய இருக்கு. உள்ளே இருக்கிற பெயரை வைத்துத் தேட இன்டெக்ஸிங் வேண்டும்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

கடிதம் யூனிகோடில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், ஆம், உதவும். ஆனால் எங்கள் பக்கம் பள்ளிக்கூடம், சங்கம், கோயில், கொமியுனிகேஷன் கடை எங்கே போனாலும் பழைய கடிதங்களில் பெரும்பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் உண்மையில் இருப்பது நாலைந்து ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. இன்டெக்ஸர் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தைத்தான் எழுதி வைக்கும். அதுவும் அரைப்புள்ளியைக் கண்டால் சொல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். நீங்கள் யூனிகோடில் ‘அம்மா’ என்று தேடினால் ஒன்றும் வராது. ஆக, டிஸ்க்கை மணிக்கணக்கில் அரைத்து, ராமையும் தின்று, ஒருவராலும் தேட முடியாத சொற்துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஸ்கேன் செய்த காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், இதெல்லாம் வெறும் படம். ஃபோனில் எடுத்த போட்டோவும் அப்படியே. அவற்றில் தேடுவதற்குச் சொல் என்று எதுவுமே இல்லை. ட்ராக்கரோ பலூவோ படத்திலிருந்து எழுத்தை வாசிக்காது.

அதனால்தான் பெயரில் கவனம் வையுங்கள் என்று சொல்கிறேன். கோப்பின் பெயரை யூனிகோடில், ஆண்டு முதலில், பிறகு ஆளின் பெயரோ இடமோ, பிறகு என்ன கடிதம் என்று வையுங்கள். ‘2023 ஒட்டுசுட்டான் காணி விண்ணப்பம்’ என்று ஒரு பெயர் இருந்தால் எந்த இன்டெக்ஸரும் இல்லாமலே ஃபைல் மனேஜர் எடுத்துத் தரும். புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள், பழையதில் முக்கியமானதை மாற்றி எடுங்கள். முக்கியமான கடிதங்கள் யூனிகோடுக்கு வந்த பிறகு உள்ளடக்க இன்டெக்ஸிங்கைத் திரும்பப் போட்டால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது.

கடையில் ஆட்கள் பென் டிரைவ் கொண்டு வருகிறார்கள். அதையும் வாசிக்குமா?

க்னோமில் செருகுகிற டிரைவ்களை வழக்கமான அமைப்பில் இன்டெக்ஸ் செய்வதில்லை. ஆனால் அதிலிருந்து டவுன்லோட்ஸுக்கோ டொக்யுமென்ட்ஸுக்கோ கொப்பி பண்ணிப் பிரிண்ட் எடுத்தால் வாசிக்கும். அந்த ஆளின் விண்ணப்பத்தில் இருக்கிற சொற்கள் உங்கள் இன்டெக்ஸில் ஏறும். பலருடைய அடையாள அட்டை விபரமும் வங்கிக் கடிதமும் வந்துபோகிற மெஷினில் இது எனக்குச் சரியாகப் படவில்லை. பொது மெஷின் என்றால் முழுதாக நிறுத்துங்கள்.

பாதுகாப்புப் பக்கமும் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் ‘லிப்கியூ’ என்ற சிறிய நூலகத்தில் ஒரு ஓட்டை வெளியே தெரிய வந்தது. சிடி பாட்டு வரிசைகளை வாசிக்கிற நூலகம் அது, ட்ராக்கர் அதைப் பாவித்தது. தீய நோக்கத்தில் செய்த ஒரு கோப்பு டவுன்லோட்ஸ் போல்டரில் விழுந்தாலே போதும், நீங்கள் திறக்கவே தேவையில்லை, இன்டெக்ஸர் தானாக அதைத் திறந்து வாசிக்கும்போது தாக்குபவரின் கட்டளை ஓடிவிடும். உடனே திருத்தி அப்டேட் கொடுத்தார்கள். தானாகத் திறந்து வாசிக்கிற புரோகிராம் ஒன்று இருந்தால் அப்டேட் தவறாமல் போட வேண்டும். டேட்டா காசு பார்த்து அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர், அவர்கள் டவுன்லோட்ஸ் போல்டரையாவது இன்டெக்ஸிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

கரண்ட் போய் வந்த பிறகு முதலிலிருந்து தொடங்குது. இது முடியவே முடியாதா?

முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று. இன்டெக்ஸ் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் பழுதாகியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு கோப்பு, உள்ளடக்கத்தை வாசிக்கிற எக்ஸ்ட்ராக்டரை விழுத்துகிறது. முதலாவதற்கு இன்டெக்ஸை அழித்துப் புதிதாகத் தொடங்க விடுங்கள். கேடிஈயில் பேர்ஜ். க்னோமில் ‘ட்ராக்கர்3’ அல்லது ‘லோக்கல்சேர்ச்’ கொமாண்டுக்கு ‘ரீசெட்’ கொடுத்து, இரண்டு சிறுகோடு போட்டு ‘ஃபைல்சிஸ்டம்’ என்று சேர்க்க வேண்டும் (reset --filesystem). உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, அழிவது பட்டியல் மட்டும். இரண்டாவது என்றால் மொனிட்டரிலோ ஃபேட்ரேஸிலோ திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கோப்பை ஒரு விலக்கிய போல்டருக்கு மாற்றுங்கள். அரைகுறையாக இறங்கிய பிடிஎஃப் வினாத்தாள் ஒன்று இப்படி நாள் முழுக்க மெஷினை இழுக்க விடக்கூடும்.

நிறுத்தியாச்சு. பழைய இன்டெக்ஸ் டிஸ்க்கில் இடம் பிடிக்குமே?

பிடிக்கும், கேடிஈயில் சில ஜிபிகூட வரலாம். ஹோமுக்குள் மறைந்திருக்கிற ‘லோக்கல்’, அதற்குள் ‘ஷெயார்’, அதற்குள் ‘பலூ’ என்ற போல்டர். க்னோமில் மறைந்திருக்கிற ‘கேஷ்’ போல்டருக்குள் ‘ட்ராக்கர்3’. மறைந்தவற்றைக் காட்ட கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள், கேடிஈயின் டொல்பினில் ஆல்ட்டும் புள்ளியும். நிறுத்திய பிறகு அழிப்பதில் ஆபத்து இல்லை.

பக்கேஜையே அன்இன்ஸ்டோல் செய்தால் என்ன?

வேண்டாம். க்னோமின் ஃபைல் மனேஜரும் வேறு அப்களும் இதோடு கட்டப்பட்டிருக்கின்றன, ஒன்றை இழுத்தால் மற்றதும் சேர்ந்து வரும். கட்டாயம் செய்யத்தான் வேண்டும் என்றால் எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று அது காட்டுகிற பட்டியலை முழுதாக வாசித்த பிறகே ஆம் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட லேபில் எல்லா மெஷினிலும், எல்லா மாணவர் கணக்குக்கும் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு கணக்காகப் போகத் தேவையில்லை. க்னோம் என்றால் மேலே சொன்ன மாஸ்க் கொமாண்டில் ‘யூசர்’ இருக்கிற இடத்தில் ‘குளோபல்’ என்று போட்டு, சுடோவுடன் ஓட்டுங்கள், அந்த மெஷினில் இனி வருகிற கணக்குகளுக்கும் சேர்த்து அடங்கும். கேடிஈ என்றால் உங்கள் கணக்கில் முதலில் நிறுத்தி, மறைந்த ‘கொன்ஃபிக்’ போல்டரில் இருக்கிற ‘பலூஃபைல்ஆர்சி’ கோப்பை ‘ஈடிசி’க்குள் ‘எக்ஸ்டிஜி’ போல்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். ஏற்கெனவே தன் கணக்கில் தனியாக மாற்றி வைத்த மாணவருக்கு மட்டும் அவருடைய அமைப்புத்தான் ஓடும்.

எல்லாம் நிறுத்தினேன், இன்னும் மெதுவாகத்தான் இருக்கு.

அப்படியென்றால் இன்டெக்ஸிங் காரணம் இல்லை. பிரவுசரில் எத்தனை டேப் என்று பாருங்கள், 4 ஜிபி ராமில் கொஞ்சம் கூடினாலே ராம் போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது ராமுக்குப் பதிலாக டிஸ்க்கைப் பாவிப்பதற்கு, போய் டிஸ்க் அரைபடத் தொடங்கும், பார்ப்பதற்கு இன்டெக்ஸிங் போலவே இருக்கும். உபுண்டுவில் ஸ்னாப் என்ற வகை அப்களின் அப்டேட்டும் மற்றத் தானியங்கி அப்டேட்டும் பின்னால் இறங்கும். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் அப் பாவித்தால் அதற்குத் தனி இன்டெக்ஸர் ஒன்று இருக்கிறது, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் ‘குளோபல் சேர்ச் அன்ட் இன்டெக்ஸர்’ என்ற டிக்கை எடுத்தால் நிற்கும்.

டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கவும் கூடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்ஸ் என்ற அப்பைத் திறந்து, டிஸ்க்கின் நிலையைச் சொல்கிற ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள், ‘ரீஅலொகேட்டட்’, ‘பெண்டிங்’ என்ற வரிகளில் எண் ஏறிக்கொண்டு போனால் வேறு எதையும் செய்யாமல் முதலில் போட்டோவையும் பத்திரங்களையும் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். புது டிஸ்க் வாங்குவதென்றால் சிறியதானாலும் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

பிறகு திரும்ப வேண்டுமென்றால்?

கேடிஈயில் டிக்கைத் திரும்பப் போடுங்கள். க்னோமில் அதே கொமாண்டில் மாஸ்க்குக்குப் பதிலாக ‘அன்மாஸ்க்’ கொடுத்து லொக்அவுட் ஆகி வாருங்கள். முதல் தடவை போல எல்லாவற்றையும் திரும்ப வாசிக்கும், அதனால் வேலை இல்லாத ஒரு நேரம் பார்த்து, கரண்ட் நிலையாக இருக்கும்போது தொடங்கி, முடியும்வரை மெஷினைத் தொடாமல் விடுங்கள்.